பேகன் மலையில் ஐப்பசி

தீபாவளி முடிந்து ஊரே மழைக்கு ஒதுங்கும் நேரத்தில் மலைக்கா போகிறீர்கள் என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். கோடையில் போனால்தானே குளிர்ச்சியின் அருமை தெரியும் என்பது அவர்கள் எண்ணம். எனக்கு ஐப்பசிதான் வேண்டியிருந்தது. நாங்கள் போகவிருந்த பழனி மலைத்தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து பிரிந்து கிழக்கே நீண்டு கிடப்பது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவருவதில் பெரும்பங்கை மேற்கே இருக்கும் சிகரங்கள் வாங்கிக்கொள்கின்றன. இந்த மலை நம்பியிருப்பது வடகிழக்குப் பருவமழையை. ஐப்பசியும் கார்த்திகையும் அது தண்ணீர் சேர்க்கும் மாதங்கள். ஒருவரை அறிய வேண்டுமானால் அவர் தன் வேலையில் மூழ்கியிருக்கும்போது பார்க்க வேண்டும். மலைக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நானும் கணவரும், அவருடைய பழைய நண்பரான ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியரும், ஆசிரியரின் மனைவியும், என் மதுரைத் தோழியும் போனோம். தோழியின் கணவர் போன ஆடியில் காலமாகிவிட்டார். முதலில் அவள் வர மறுத்தாள். "ரெண்டு ரெண்டு பேரா போற இடத்துக்கு நான் எதுக்குக்கா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. கணவர் போனை வாங்கி, "நீ வந்தாத்தாம்மா நாங்க கிளம்புவோம்" என்றார். அதற்குமேல் அவள் மறுக்கவில்லை.

*

வத்தலக்குண்டைத் தாண்டினால் காமக்காபட்டி. அங்கே சோதனைச்சாவடியில் இ-பாஸ் பார்க்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் அந்த ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. மலை எவ்வளவு பேரைத் தாங்கும் என்று கேட்க ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது. அந்தக் கேள்வி சரியானது என்றே எனக்குப் படுகிறது. சாவடியை ஒட்டிய காட்டில் ஒரு மயில் நின்றது. மழையில் நனைந்து தோகை கனத்து, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு நின்றது. ஆடவில்லை. அகவவும் இல்லை.

டம் டம் பாறையில் வண்டியை நிறுத்தினோம். எதிர்மலையில் எலிவால் அருவி விழுகிறது. 297 மீட்டர் உயரம். கோடையில் வந்தவர்கள் பாறையில் ஒரு கோடு மட்டும் தெரிந்ததாகச் சொல்வார்கள். இப்போது அது தடித்து வெளுத்து இறங்கியது. இவ்வளவு தொலைவிலிருந்து பார்க்கும்போது விழுவது நின்றுவிட்டது போலத் தெரிந்தது. அது மஞ்சளாற்றுத் தண்ணீர். கீழே தேவதானப்பட்டிப் பக்கத்து அணையில் சேர்ந்து வயல்களுக்குப் போகிறது. நாங்கள் நின்றிருந்த நேரத்திலேயே மூடுபனி வந்து அருவியை மூடிவிட்டது. யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. பனியைப் பார்த்தபடியே சற்று நேரம் நின்றோம்.

மேலே ஏற ஏறக் காற்று மாறுகிறது. ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும் என்று ஆசிரியர் சொன்னார். பெருமாள்மலை வருவதற்குள் ஆளுக்கொரு சால்வை தோளுக்கு வந்துவிட்டது.

*

தங்கியது பூம்பாறையில். கொடைக்கானல் ஊரிலிருந்து 18 கிலோமீட்டர். மலைச்சரிவு முழுக்க அடுக்கடுக்காக வெட்டிய நிலம்; பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். வீடுகள் நெருக்கி அடுக்கியிருக்கும் ஊருக்குள் குழந்தை வேலப்பர் கோயில். மூலவரைப் போகர் செய்தார் என்பது ஊரின் நம்பிக்கை. மாலையில் கோயில் மணி கேட்கும். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது மூடுபனியில் பிடிபடாது.

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எதையும் நாங்கள் எழுதிவரவில்லை. சமைத்துச் சாப்பிடுவது என்று மட்டும் முடிவு. அந்த ஊரில் வாங்கிய மலைப்பூண்டை முறத்தில் கொட்டி எல்லோரும் சுற்றி உட்கார்ந்து உரித்தோம். புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது. சமவெளிப் பூண்டைவிடக் காரமும் வாசமும் கூடுதல். விரல்நுனி எரிந்தது. ஆசிரியரின் மனைவி புளி கரைத்தார். தோழி தாளித்தாள். அவள் அடுப்புப் பக்கம் நின்றே பல மாதம் ஆயிற்றாம். "எனக்கு ஒருத்திக்கு எதுக்குன்னு மோர்சாதம் தின்னுட்டுப் படுத்துருவேன்" என்றாள். பூண்டுக் குழம்பு கொதித்தது. அன்றைக்கு அவள் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டதை எல்லோரும் பார்த்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கூட உட்கார்ந்து பூண்டு உரிப்பது போன்ற வேலைகளில் ஒரு நன்மை உண்டு. கண் கையில் இருப்பதால் முகம் பார்க்காமல் பேசலாம். நேருக்கு நேர் சொல்ல முடியாதவை தானாக வெளியே வரும். தோழி தன் கணவரின் கடைசி வாரத்தைப் பற்றி அங்கேதான் முதல்முறையாகப் பேசினாள். அவள் பேசி முடிக்கும்வரை உரிப்பதை யாரும் நிறுத்தவில்லை.

*

ஆசிரியர் ஆசைப்பட்ட ஒரே இடம் சூரிய ஆய்வகம். கொடைக்கானலின் உயரமான மேட்டில் 1899-இல் தொடங்கப்பட்டது. நாங்கள் போன அன்று சூரியன் இல்லை. மேட்டின்மேல் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் கிடந்தது வானம். அவர் வருத்தப்படவில்லை. மரத்தடியில் நின்று அந்த இடத்தின் கதையைச் சொன்னார்.

1876-இல் மழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்ட பஞ்சம் அது. தென்னாட்டில் லட்சக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகுதான் பருவமழை ஏன் தவறுகிறது என்ற கேள்வி அரசாங்கத்துக்கு உறைத்தது. சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் விடை கிடைக்கும் என்று அன்றைய வானியலாளர்கள் எண்ணினார்கள். சென்னை வானாய்வகத்திலிருந்த மிச்சி ஸ்மித் இடம் தேடி அலைந்து இந்த மேட்டைத் தேர்ந்தார். மழைக்கான விடை அவர்கள் நினைத்தபடி கிடைத்துவிடவில்லை. ஆனால் 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளுக்குள் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்து கண்டுபிடித்தார். உலகம் முழுக்க அதற்கு அவர் பெயரே வழங்குகிறது.

எனக்கு மனதில் தங்கியது வேறு. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, வானம் தெளிந்த நாளெல்லாம் இங்கே சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். யார் வீட்டிலும் தினம் வருகிற, யாரும் ஏறிட்டுப் பார்க்காத ஒன்று சூரியன். அதை நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று சலிக்காமல் ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு ஒப்படைத்து வந்திருக்கிறது. இவ்வளவு பழகியதை இவ்வளவு கவனமாகப் பார்க்க முடியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. திரும்பும் வழியில் வண்டியில் கணவரின் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தேன். புருவத்தில் நரை எப்போது வந்தது?

*

மன்னவனூர் சாலையில் ஒரு சோலையின் ஓரமாக நடந்தோம். அனுமதியில்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது, தேவையும் இல்லை. சாலையோரத்திலேயே சோலை வந்து நிற்கிறது. உயரம் குறைந்த, கிளைகள் ஒன்றோடொன்று பின்னிய மரங்கள். தண்டெல்லாம் பாசி, பாசியின்மேல் பெரணி, பெரணிக்கு நடுவே மர ஆர்க்கிட். இந்த மரங்கள் குளிருக்கு இலையை உதிர்ப்பவை அல்ல. ஆண்டு முழுக்கப் பச்சைதான். மழை ஓய்ந்த பிறகும் உள்ளே சொட்டிக்கொண்டே இருக்கிறது. மேலே இலையில் விழுந்த நீர் கீழே மண்ணுக்கு வர நேரம் எடுக்கிறது. மட்கிய சருகில் ஊறி, வேர்களுக்கிடையே இறங்கி, எங்கோ கீழே ஊற்றாகக் கசிய இன்னும் நேரம் எடுக்கிறது. சரிவெல்லாம் புல்வெளி, மடிப்பெல்லாம் சோலை என்று இருந்த மலை இது. தோல் பதனிடப் பட்டை வேண்டுமென்று வாட்டிலும், விறகுக்கு யூகலிப்டஸும், பிறகு பைனும் நட்டார்கள். அவை பெருகிப் புல்வெளியின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. பைன் காட்டில் படம் எடுக்கக் கூட்டம் நிற்கிறது. அதன் அடியில் வேறு செடி அதிகம் முளைப்பதில்லை என்பதைப் பார்க்கிறவர் குறைவு. சோலை போனால் பங்குனியில் ஓடையும் போகும். இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன்.

சோலைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது; ஏறி இறங்கும் சீழ்க்கை. ஆசிரியரின் மனைவி பறவை அறிந்தவர். பழனிச் சிரிப்பான் என்றார். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள உயர்ந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. இணையாகவோ சிறு கூட்டமாகவோதான் திரியுமாம். கண்ணில் படவில்லை. புதருக்குள் ஒன்று கூப்பிட, சற்றுத் தள்ளி இன்னொன்று பதில் சொன்னது.

ஆண்கள் இருவரும் பேச்சு சுவாரஸ்யத்தில் முன்னால் போய்விட்டார்கள். அது எங்கள் வீட்டில் எப்போதும் உள்ளது. கடைவீதியானாலும் கோயிலானாலும் கணவர் பத்தடி முன்னால் நடப்பார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். அது ஒரு குறையாக எனக்குத் தோன்றியதுகூட இல்லை. சாலை ஏற்றமாக இருந்தது. முழங்கால் வலியால் நான் பின்தங்கினேன். பக்கத்தில் வந்துகொண்டிருந்த தோழி திடீரென்று குரலை உயர்த்தினாள்.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. அக்காவுக்கு முடியல, பின்னால வர்றாங்க."

அவர் திரும்பினார். தோழி அத்தோடு விடவில்லை.

"அவரும் இப்படித்தாண்ணே முன்னால முன்னால போவாரு. கூப்பிட்டா நிப்பாரு. இப்பக் கூப்பிட ஆளில்ல."

கோபமாக அவள் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஆசிரியரின் மனைவியோடு சேர்ந்து நடக்கத் தொடங்கிவிட்டாள். கணவர் நான் வரும்வரை நின்றார். தன் சால்வையை எடுத்து என் தோளில் போட்டார். எனக்குச் சால்வை இருந்தது. "எனக்கு இருக்குங்க, நீங்க போட்டுக்கங்க" என்றேன். "இருக்கட்டும்" என்றார். மீதி வழி முழுக்க என் நடைக்கு நடந்தார். நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

*

அன்று மாலை முழுக்க எனக்குப் பேகன் நினைவுதான். வையாவிக் கோப்பெரும் பேகன், கடையெழு வள்ளல்களில் ஒருவன். இந்தப் பழனி மலைப்பக்கத்தை ஆண்டவன் என்பார்கள். மழை வளம் பெற்ற மலைச்சாரலில் அகவிய மயில் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையைக் கொடுத்தவன். பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது அவ்வளவுதான். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று கேட்காத கொடைக்கு அவன் எடுத்துக்காட்டு.

அவனைப் பற்றிப் பள்ளியில் சொல்லாத பகுதி புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள பாட்டுகளில் இருக்கிறது. பேகனுக்குக் கண்ணகி என்று ஒரு மனைவி. சிலம்பின் கண்ணகி அல்லள். அவளைப் பிரிந்து அவன் வேறொருத்தியின் ஊருக்குத் தேரில் போய்வந்துகொண்டிருந்தான். அந்த நேரத்தில் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் அவனைப் பாடினார்கள். பரிசு கேட்டு அல்ல. பசியாலும் சுற்றத்தின் சுமையாலும் நாங்கள் வரவில்லை, இன்று இரவே தேரேறிப் போய் உன் மனைவியின் துயரைத் தீர் என்கிறார் பரணர். உன் பொன்னும் பொருளும் இருக்கட்டும், எனக்குக் கொடுக்க விரும்பினால் குதிரைகளைத் தேரில் பூட்டு, அவள் கூந்தலில் பூ ஏறட்டும் என்பது அரிசில்கிழார் கேட்ட பரிசு. எண்ணெய் காணாத அவள் கூந்தலைப் பற்றிப் பெருங்குன்றூர்கிழாரும் சொல்கிறார்.

மயிலின் நடுக்கம் தெரிந்தவனுக்கு வீட்டில் இருந்தவளின் குளிர் தெரியவில்லை. அவன் கெட்டவன் என்று அந்தப் புலவர்கள் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அவன் ஈரமுள்ளவன் என்று அறிந்ததால்தான் அவனிடம் போய்க் கேட்டார்கள். அதைத்தான் நான் நட்பு என்பேன். நண்பன் வீட்டுப் பிரச்சினையில் நமக்கென்ன என்று ஒதுங்குவதை இன்று நாகரிகம் என்கிறோம். பரிசிலை நம்பி வாழ்ந்த நான்கு பேர், பரிசு கிடைக்காமல் போகலாம் என்று தெரிந்தும் அரசனின் வீட்டு விஷயத்தைப் பேசினார்கள். பேகன் திரும்பிப் போனானா என்பது அந்தப் பாட்டுகளில் இல்லை. போயிருப்பான் என்றே நினைக்க விரும்புகிறேன்.

என் கணவர் பேகன் அல்லர். நான் கண்ணகியும் அல்லேன். எங்களுக்குள் பிரிவு எதுவும் இல்லை. இருந்தாலும் பத்தடி தூரம் என்பதும் ஒரு தூரம்தான். அதைச் சொல்ல, அந்தத் தூரத்தை இழந்துவிட்ட ஒருத்தி தேவைப்பட்டாள்.

*

இரவு மழை வலுத்தது. தகரக் கூரையில் மழை விழுந்தால் பேச்சுக் கேட்காது. விழித்துக் கிடந்தேன். குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிர், சிறுபொழுது யாமம் என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. கூதிர் என்பது இந்த ஐப்பசியும் கார்த்திகையும். மலை, அடைமழைக் குளிர், நள்ளிரவு. இவை மூன்றும் சேரும் இடத்தில் அது வைத்தது புணர்தலை. களவில் சந்திக்கும் இளையவர்களுக்காக வகுத்தது. அதே மலையில் அதே யாமத்தில், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து முடித்த இருவர், ஒருவர் முழங்காலுக்கு மற்றவர் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பதையும் அந்த ஒழுக்கத்தில் சேர்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. தேய்த்துவிட்டு அவர் உறங்கிவிட்டார்.

எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோது முன்கட்டில் தோழி உட்கார்ந்திருந்தாள். போர்வைக்குள் கால்களை மடக்கி, கதவிடுக்கில் வரும் ஊதற்காற்றைப் பார்த்தபடி.

நக்கீரரின் நெடுநல்வாடையும் கூதிர்காலப் பாட்டுதான். மந்திகள் குளிரில் ஒடுங்குகின்றன. கோவலர் கையை நெருப்பில் காட்டிக் குளிர்காய்கிறார்கள். மாளிகைக்குள் வேலைப்பாடு மிக்க கட்டிலில் அரசி தூக்கமின்றி இருக்கிறாள். அரசன் பாசறையில் அந்த நள்ளிரவில் உறங்காமல், புண்பட்ட வீரர்களைப் பார்த்தபடி நடக்கிறான். கூதிர் சேர்ந்திருப்பவர்களுக்கு எவ்வளவு இனிமையோ அவ்வளவு வலி தனித்திருப்பவர்களுக்கு. அந்த அரசிக்காவது அவன் திரும்பி வர வேண்டும் என்று ஒரு தெய்வத்தை வேண்டிக்கொள்ள இடம் இருந்தது.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். போர்வையின் ஒரு பாதியை என் பக்கம் தள்ளினாள்.

"தூங்கலையாக்கா?"

"மழைச் சத்தம்."

"நல்லாருக்கு. மதுரையில தனியா கேட்டா பயமா இருக்கும்."

அதற்குமேல் பேச்சு இல்லை. மழை குறையும்வரை உட்கார்ந்திருந்தோம். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்ற நெருக்கடி எனக்குள் இருந்தது. சற்று நேரத்தில் அதுவும் அடங்கியது. துக்கத்தில் இருப்பவர் அருகே செய்ய வேண்டியது அநேகமாக உட்கார்ந்திருப்பது மட்டும்தான். அதற்கு நேரம் வேண்டும். மலையில் எங்களுக்கு நேரம் இருந்தது.

*

காலையில் மழை விட்டிருந்தது. வழியெல்லாம் சரிவுகளில் நேற்று இல்லாத நீர்க்கோடுகள். இந்த மலையின் மேலே பேரிஜம் ஏரி இருக்கிறது. பெரியகுளத்துக்காரர்கள் குடிப்பது அந்தத் தண்ணீர். கொடைக்கானல் ஏரி வழிந்தால் வெள்ளி நீர்வீழ்ச்சி பெருகும். வடக்கே பழனிப் பக்கமும் தெற்கே வைகைப் பக்கமுமாக இரண்டு புறத்துக்கும் இந்தத் தொடர் பங்கிட்டுக் கொடுக்கிறது. நாங்கள் இறங்கும்போது ஐந்து பேரும் ஒரே நேரத்தில் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

ஐப்பசியில் மலைக்குப் போக நினைப்பவர்களுக்கு இரண்டொன்று சொல்வேன். வானிலை மையம் மிகக் கனமழை எச்சரிக்கை விடுத்த நாளில் மலைச்சாலையில் ஏறாதீர்கள், மண் சரியும். ஒரே ஊரில் தங்குங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள், அந்த ஓடை நீரைக் கீழே யாரோ குடிக்கிறார்கள். இவற்றைவிட முக்கியமான ஒன்று: உங்கள் நட்பு வட்டத்தில் துணையை இழந்தவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். சோடி சோடியாகப் போகும் இடத்துக்கு அவர் தானாக வரமாட்டார். நீங்கள்தான் கூப்பிட வேண்டும். மறுத்தால் இன்னொரு முறை கூப்பிடுங்கள்.